மங்களம் மட்டும் பிளேட்டில்

என் தொழிலுக்குச் சரியான பெயர் கிடையாது. பாடுகிறவர்களையும் பேசுகிறவர்களையும் ஊர் ஊராகக் கூட்டிப்போய் மேடையில் உட்கார வைத்து, முடிந்ததும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவதை ஒரு தொழில் என்றே அந்தக் காலத்தில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கிருஷ்ணகிரியில் என்னைப் 'பாட்டு ஏஜெண்டு' என்றார்கள். ஓசூரில் 'கச்சேரி புரோக்கர்'. என் மாமனார் கடைசிவரைக்கும், "மாப்பிள்ளை ஏதோ பஸ்ஸுல போயிட்டு வந்துட்டிருக்கார்" என்றுதான் விசாரித்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பதுகளில் பாதி நாளை நான் பஸ்ஸில்தான் கழித்தேன் என்பதால் அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

அந்த வேலையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் ஒரு தடவை செய்து பார்த்திருக்க வேண்டும். சேலத்திலிருந்து ஒரு சொற்பொழிவாளர் வருவார். சிக்கனம் என்ற தலைப்பில் மணிக்கணக்காகப் பேசுவார். அவர் குளிக்க வெந்நீர், பேச்சுக்கு நடுவில் குடிக்கப் பனங்கற்கண்டு போட்ட பால், படுக்க இலவம்பஞ்சு மெத்தை எல்லாம் தயாராக இருக்க வேண்டும். வெந்நீர் கொஞ்சம் ஆறியிருந்தால் எனக்குத் திட்டு. பிடில்காரருக்குப் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் வேண்டும். மிருதங்கத்தைக் கூரைமேல் போடு என்பார் கண்டக்டர். மிருதங்கக்காரர் என்னைப் பார்ப்பார். அது என் மடிக்கு வந்துவிடும். ஓசூருக்கு அப்போது ரயில் கிடையாது. வெயிலிலும் புழுதியிலும் அடுத்தவர் மிருதங்கத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் தெரியும் அந்த ரோட்டின் நீளம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று வீட்டில் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்?

ஆனால் அந்தக் கோபமெல்லாம் குளித்துச் சாப்பிட்டதும் போய்விடும். ஒன்று மட்டும் போகவில்லை. போகிற மாதிரியும் தெரியவில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் அந்த வருஷங்களில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், தாலி கட்டி முடிந்ததும் மைக் செட்டில் ஒரு பிளேட்டைப் போடுவார்கள். ஒரு பெண் குரலில் மங்களம். கிராமபோன் தட்டு என்றால் சில நிமிஷம்தான்; ஆனால் அந்தக் குரல் குழாயிலிருந்து கிளம்பிவிட்டால், பந்தியில் இலை போட்டுக்கொண்டிருப்பவன்கூடக் கொஞ்சம் நிற்பான். தெலுங்குக்காரர் வீடு, கன்னடக்காரர் வீடு, தமிழ் வீடு, எல்லா வீட்டுக்கும் அதே பிளேட்தான். அந்த மங்களம் கேட்காவிட்டால் கல்யாணம் நடந்த மாதிரியே இல்லை என்று சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டிருந்தது.

ஓசூரில் தேர்த் திருவிழாவுக்குக் கச்சேரி ஏற்பாடு செய்கிற கமிட்டி ஒன்று இருந்தது. அதன் தலைவர் நிலபுலன் உள்ளவர், தானிய மண்டி வைத்திருந்தவர். வெள்ளை வேட்டி, தோளில் ஜரிகைத் துண்டு, முகத்தில் எப்போதும் சிரிப்பு. வீட்டில் தெலுங்கு, மண்டியில் கன்னடம், என்னிடம் தமிழ். அவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏப்பா, அந்தப் பிளேட்டுல பாடற அம்மாவ நேருலயே கூட்டியாந்தா எப்பிடி இருக்கும்? இந்த வருஷம் தேருக்கு முந்தின நாளு அவங்க கச்சேரிதான் வேணும்," என்றார். அதோடு விடாமல் தேன்கனிக்கோட்டையிலும் ஒரு கச்சேரிக்குச் சொல்லி வைத்தார். கல்லாவியில் அவருடைய சம்பந்தி வீட்டார் நடத்துகிற திருவிழாவுக்கும் அதே அம்மாதான் என்று அங்கேயே முடிவு செய்தார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு மரியாதைதான் வந்தது.

அந்த அம்மா பெங்களூரில் தன் தம்பி வீட்டில் இருந்தார். நான் போய்ப் பார்த்தேன். நாற்பது வயதுக்குப் பக்கம். வெளிர் நிறப் புடவை, நெற்றியில் திருநீற்றுக் கீற்று, கழுத்திலும் காதிலும் ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு பாடுவதையே விட்டிருந்து, தம்பி சொன்னதால் மறுபடி தொடங்கியிருந்தார். ஒரு பெரிய வித்வாம்சினி என்ற நினைப்பே இல்லாமல், காப்பி கொடுத்துவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்தார். பஸ் எத்தனை மணிக்கு, தங்குகிற இடத்தில் தண்ணீர் வசதி உண்டா, இப்படி எதையும் கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு," என்றார். "மங்களம் நான் பாடணும்."

எனக்குப் புரியவில்லை. கச்சேரி பாடுகிறவர்தானே மங்களமும் பாடுவார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்றேன்.

"நீங்க புதுசு போல. நான் மறுபடி பாட வந்ததுல இருந்து ஒரு ஊர்லயும் என்னை மங்களம் பாட விடலை. கடைசிப் பாட்டு முடிஞ்சதும் 'போதும்மா'ன்னு சொல்லிடுவாங்க. பிடில்காரர் மட்டும் வாசிச்சு முடிப்பார். இல்லேன்னா கூட்டத்துல இருந்து எந்தப் பொண்ணையாவது கூப்பிட்டுப் பாட வைப்பாங்க. அந்தப் பொண்ணுக்கு சுருதியே சேராது. நான் பக்கத்துல உட்கார்ந்து தம்பூரா போடணும். சாப்பிட்டுட்டுக் கை கழுவ விடாம எழுப்பிவிட்ட மாதிரி இருக்கும், மேனேஜரே. ராத்திரியெல்லாம் அந்தக் கையோடவே படுத்துக்கிட்டிருக்கிற மாதிரி."

மங்களம் என்பது வேறொன்றுமில்லை. கச்சேரி நல்லபடியாக முடிந்தது, கேட்டவர்களுக்கும் பாடினவர்களுக்கும் நல்லது நடக்கட்டும் என்று கடைசியில் பாடுவது. சில நிமிஷப் பாட்டு. அதை ஒரு பெண் பாடினால் ஊருக்கு ஆகாதாம். ஏன் ஆகாது? அவள் வீட்டுக்காரர் செத்துப்போனார். அதுவரைக்கும் அவள் பாடின பெரிய பெரிய கீர்த்தனைகளெல்லாம் ஆகும், ராகம் தானம் எல்லாம் ஆகும். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்ல?

"நீங்கதான் பாடுவீங்க. அதுக்கு நான் பொறுப்பு," என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னை 'மேனேஜரே' என்று கேலியாகக் கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது. அதுவரை யாரும் எனக்கு அவ்வளவு பெரிய பட்டம் கொடுத்ததில்லை.

பெங்களூரிலிருந்து வரும்போது ஜூஜுவாடி எல்லையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். மதுவிலக்குக் காலம். மைசூர்ப் பக்கத்திலிருந்து புட்டி வருகிறதா என்று மூட்டை முடிச்சையெல்லாம் அவிழ்ப்பார்கள். ஒரு போலீஸ்காரர் தம்பூராவின் உறையைக் கழற்றச் சொல்லி, குடத்தைத் தட்டிப் பார்த்து, "உள்ள என்ன?" என்றார். "காத்து," என்றேன். அவருக்குக் கோபம் வந்தது, எனக்கும் வந்தது. அம்மா நடுவில் புகுந்து, தம்பூராவை நிமிர்த்தி ஒரு மீட்டு மீட்டினார். போலீஸ்காரர் ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு, உறையைத் தானே திருப்பிப் போட்டுக் கட்டிவிட்டார். அன்றைக்கு வழியில் எங்களுக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான். அதற்குப் பிறகு கிடைத்ததெல்லாம் வேறு சங்கதி.

ஓசூர் பஸ் நிறுத்தத்தில் தலைவர் மாலையோடு நின்றிருந்தார். அம்மா படியிலிருந்து இறங்கினார். தலைவருடைய முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கை மட்டும் மாலையோடு கீழே இறங்கியது. சட்டென்று திரும்பி மாலையைப் பிடில்காரர் கழுத்தில் போட்டார். பிடில்காரர் ஒன்றும் புரியாமல் கும்பிட்டார். அம்மா தன் பையை எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றார். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மாவைத் தங்குகிற வீட்டில் விட்டதும் தலைவர் என்னை மண்டிக்குக் கூட்டிப்போனார்.

"ஏப்பா, முன்னாடியே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எதைங்க சொல்லணும்?"

"தெரியாத மாதிரி கேக்கறயே. அம்மா பூ வெக்கறதில்லையே."

"பாட்டுக்குப் பூ எதுக்குங்க?"

"பாட்டுக்கு வேணாம்ப்பா. பாட்டு எவ்ளோ வேணும்னாலும் பாடட்டும், நானே முன்னாடி ஒக்காந்து கேக்கறேன். மங்களம்னு ஒண்ணு இருக்குதில்ல. விடிஞ்சா தேரு. ஊரு நல்லது கெட்டது பாக்கணுமில்ல."

மங்களம் அவர்தான் பாடுவார் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன், அதில்லாமல் கச்சேரி கிடையாது என்றேன். தலைவர் கோபப்படவில்லை. அந்த மனிதரிடம் இருந்த பெரிய கோளாறே அதுதான். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"அட, எதுக்குப்பா இவ்ளோ யோசன? நம்ம மைக் செட்டுக்காரங்கிட்டதான் பிளேட்டு இருக்குதே. கடேசில அதப் போட்டுட்டா முடிஞ்சுது. அம்மா மங்களமே அம்மா கச்சேரிக்கு. அவங்களுக்கும் சந்தோசம், நமக்கும் கொறை இல்ல."

எனக்கு முதலில் காதில் விழுந்தது மூளைக்குப் போகவில்லை. "அந்தப் பிளேட்டுல பாடினதும் இவங்கதானேங்க," என்றேன்.

"அது அப்ப. அப்ப வீட்டுக்காரரு இருந்தாரு. அது நல்ல வாயி."

அதே தொண்டை. அதே மனுஷி. தட்டில் இருந்தால் நல்ல வாய், ஊர்க் கல்யாணமெல்லாம் அதை வைத்துத்தான் நடக்கும். எதிரில் உயிரோடு உட்கார்ந்திருந்தால் ஆகாத வாய். இதை ஒரு மனுஷர் சிரித்துக்கொண்டே, எனக்கு ஏதோ உபகாரம் செய்கிற மாதிரிச் சொல்கிறார். மண்டியில் நின்ற கணக்குப்பிள்ளையும் மூட்டை தூக்குகிறவர்களும் "அதுவும் சரிதான்" என்கிறார்கள். நான் ஒருவன்தான் பைத்தியக்காரன் மாதிரிக் கத்திக்கொண்டு நின்றேன்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிப் போய்விடலாம் என்றும் சொன்னேன். அவர் தம்பூராவுக்குத் தந்தி மாற்றிக்கொண்டிருந்தார்.

"எந்தப் பிளேட்டு, அந்தச் சின்னதா?" என்றார். "கல்யாணமான மறு வருஷம் பாடினது. தட்டுக்குள்ள அடங்கணும்னு அவசர அவசரமாப் பாட வெச்சாங்க. எனக்கே பிடிக்காது." பிறகு வெளியே பார்த்தார். மாட்டு வண்டிகளில் சுற்றுப்பட்டு ஊர்ச் சனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. "வந்தவங்களை ஏமாத்தக் கூடாது மேனேஜரே. பாடிட்டுப் போவோம்."

அன்றைக்கு அவர் பாடின பாட்டைப் பற்றி எழுத எனக்குச் சங்கீதம் போதாது. தெலுங்குக் கீர்த்தனைக்குத் தெலுங்குக்காரர்கள் தலையாட்டினார்கள், கன்னடப் பதத்துக்குக் கன்னடக்காரர்கள், தமிழுக்கு எல்லாரும். தலைவர் முதல் வரிசை நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உருகினார். அது நடிப்பில்லை. நிஜமாகவே உருகினார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

கடைசிப் பாட்டு முடிந்தது. அம்மா தம்பூராவை விடாமல் உட்கார்ந்திருந்தார். மைக் செட்டுக்காரர் மேடை ஓரத்தில் கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுத்து, முள்ளை வைத்தார். குழாயிலிருந்து இளம் வயதுக் குரல் கிளம்பியது. மேடையில் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் கை கூப்பியது. சாவி சரியாகக் கொடுக்கவில்லை போலிருக்கிறது, பாதியில் தட்டு மெதுவாகிக் குரல் ஆண்பிள்ளைக் குரல் மாதிரி இழுத்து இழுத்து இறங்கியது. பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். தலைவர் பதறியடித்துக்கொண்டு மேடையில் ஏறி, தானே சாவியைச் சுற்றினார். முதலிலிருந்து போடச் சொன்னார். எழுந்தவர்களைப் பார்த்து, "ஒக்காருங்கோ. மங்களத்த நடுவுல நிறுத்தக் கூடாது, நடுவுல எழுந்து போவவும் கூடாது. ஊருக்கே ஆகாது," என்று அதட்டினார். எல்லாரும் பயந்து உட்கார்ந்தார்கள்.

தாம்பூலத் தட்டையும் அம்மா கையில் நேராகக் கொடுக்கவில்லை. என்னிடம் கொடுத்து, அவரிடம் கொடுக்கச் சொன்னார்கள். நான் குங்குமச் சிமிழைத் தேடினேன். தட்டிலிருந்து அதை மட்டும் கவனமாக எடுத்துவிட்டிருந்தார்கள்.

தேன்கனிக்கோட்டைக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே பஸ்ஸில் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. இறங்கினதும் முதல் கேள்வி, "பிளேட்டு கொண்டாந்தீங்களா?" மாமா வந்தாரா, மருமகன் வந்தாரா என்று கேட்கிற மாதிரி. கொண்டுவரவில்லை என்றதும், வாங்கிவர ஒருத்தரை ஓசூர் பஸ்ஸில் அனுப்பினார்கள். காட்டு ஓரத்து ஊர் என்பதால் அங்கே கச்சேரியை வெயில் சாய்வதற்குள் முடிக்க வேண்டும். யானை ராகிக் கொல்லையில் இறங்கிவிடும், அவரவர் காவலுக்குப் போயாக வேண்டும். பாதிக் கச்சேரியில் தூரத்திலிருந்து தப்பட்டைச் சத்தம் கேட்டது. யானை வந்துவிட்டது என்று சனம் அப்படியே எழுந்து ஓடியது. பிளேட்டும் வரவில்லை, மங்களமும் இல்லை, கச்சேரி அந்தரத்தில் நின்றது. அதனால் ஊருக்கு ஆகாது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சாந்தி கழிக்கவில்லை. அப்படியானால் இவர்களுக்குப் பயம் மங்களம் இல்லாமல் போவதில் இல்லை, அந்த அம்மா பாடிவிடுவாரோ என்பதில்தான். இதை நான் அங்கேயே நாலு பேரிடம் கேட்டேன். யானை வந்த நேரத்தில் எனக்கு யார் பதில் சொல்வார்கள்?

பாக்கி இருந்தது கல்லாவி. சம்பந்தி ஊர் என்பதால் எல்லாம் நம் தலைவர் பொறுப்பு. நான் வேண்டுமென்றே ஓசூர் போய், மண்டியில் நின்று, "கல்லாவியில அம்மாதான் மங்களம் பாடுவாங்க. சரின்னு சொல்லுங்க, கூட்டிட்டு வரேன்," என்றேன். "பாத்துக்கலாம்ப்பா," என்றார். இந்தத் தொழிலில் எனக்கு ஆகாத வார்த்தை அது. முடியாது என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னால் பாத்துக்கலாம். அதைப் பெங்களூருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"போவோம்," என்றார். "ஆனா இன்னொரு தரம் வாயை மூடிக்கிட்டு உட்கார மாட்டேன். அப்படி உட்காரணும்னா, இதுதான் நான் பாடற கடைசிக் கச்சேரி. தம்பிகிட்டயும் சொல்லிட்டேன். நீங்களும் வேற யாருக்கும் தேதி கொடுக்காதீங்க."

நான் பயந்துபோனேன். தொழிலுக்காக இல்லை. அப்படி ஒரு குரல், ஒரு மண்டிக்காரருடைய வசதிக்காக வாயை மூடிக்கொண்டு பெங்களூரில் ஒரு சமையலறைக்குள் போய்விடப் போகிறதே என்று.

கல்லாவியில் அன்றைக்குச் சந்தை. அடுத்தடுத்த ஊர்களிலிருந்து வந்த சனம் சந்தை முடிந்தும் போகாமல் கச்சேரிக்குத் தங்கிவிட்டது. ஊரில் மின்சாரம் இல்லை. பெட்ரோமாக்ஸ் விளக்கும், பாட்டரி வைத்த மைக் செட்டும். பொழுது சாய்கிற நேரம் தலைவர் வந்து இறங்கினார். கையில் பட்டுத் துணியில் சுற்றின ஒரு பொட்டலம். சாமி படத்தைக் கொண்டுவருகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். தேன்கனிக்கோட்டையில் ஏற்பட்ட கஷ்டம் இங்கேயும் ஏற்படக் கூடாது என்று பிளேட்டைத் தானே எடுத்து வந்தாராம்.

பந்தலுக்குப் பின்னால் நான் அவரோடு சண்டை போட்டேன். ஒரு மனுஷர் இன்னொரு மனுஷரைக் கேட்கக் கூடியதையெல்லாம் கேட்டேன். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இப்படி ஒரு கதி வந்தால் அவளுடைய பழைய போட்டோவுக்கு மட்டும் சோறு போடுவீர்களா என்றும் கேட்டுவிட்டேன். அதற்கு மட்டும் அவர் முகம் கறுத்தது. ஆனாலும் குரல் ஏறவில்லை.

"நீ சின்னவன். ஒனக்குக் கோவம் வருது. நான் ஊருக்குப் பதில் சொல்லணும்ப்பா," என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தை மைக் செட்டுக்காரரிடம் கொடுத்தார்.

அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என்னைக் கூப்பிட்டு, "உங்க கோபத்தைக் கொஞ்சம் ஓரமா வைங்க. மிருதங்கக்காரரையும் பிடில்காரரையும் இங்க வரச் சொல்லுங்க," என்றார். அவர்களிடம் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். மிருதங்கக்காரர் வயதானவர், அதிகம் பேசாதவர். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கச்சேரி நடந்தது. கடைசிப் பாட்டு மத்தியமாவதி. அந்த ராகத்திலேயே மங்களமும் பாடுவது உண்டு. பாடுகிறவர்கள் எல்லாரும் பாட்டு முடியும்போது ஒரு மூச்சு விடுவார்கள், தொடையைத் தட்டித் தாளத்தை நிறுத்துவார்கள், மிருதங்கத்தில் முடிவைக் காட்டுகிற தீர்மானம் ஒன்று விழும். அந்த இடைவெளிக்காகத்தான் மைக் செட்டுக்காரர் முள்ளைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். அந்த இடைவெளியே வரவில்லை. பாட்டின் கடைசிச் சொல்லிலிருந்து மூச்சு விடாமல், தாளம் நிற்காமல், அம்மா மங்களத்துக்குள் போய்விட்டார். மிருதங்கம் ஒரு தட்டுக்கூடத் தவறாமல் கூடவே போனது. முதல் வரி பாதி போன பிறகுதான் எனக்கே புரிந்தது. சனம் அதற்கு முன்பே கை கூப்பிவிட்டது.

தலைவர் நாற்காலியில் பாதி எழுந்தார். மேடையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மைக் செட்டுக்காரரைப் பார்த்தார். மங்களத்தை நடுவில் நிறுத்தக் கூடாது. நடுவில் எழுந்து போகவும் கூடாது. அவரே ஓசூரில் மைக்குப் பக்கத்தில் நின்று சொன்னது. எழுந்தால் ஊருக்கு ஆகாது, நிறுத்தினால் அதைவிட ஆகாது. பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் கை கூப்பியிருந்ததால் அவரும் கூப்பினார். என் மனசு உள்ளே குதியாட்டம் போட்டது. மறைப்பானேன், நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

அம்மா அவசரப்படவில்லை. தட்டில் ஓடுகிற மங்களம் இல்லை அது. ஒவ்வொரு வரியையும் இறக்கி வைத்து, நின்று, அடுத்ததை எடுத்தார். குரல் பழைய தட்டில் இருந்ததைவிடக் கீழே, கனமாக இருந்தது. எத்தனை வருஷத்து மங்களத்தைச் சேர்த்துப் பாடினாரோ தெரியவில்லை. பெண்கள் பக்கத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முடிந்ததும் அவர் தம்பூராவைக் கண்ணில் ஒற்றிக் கீழே வைத்தார்.

சனம் எழுந்தது. தாய்மார் பிள்ளைகளைத் தட்டி எழுப்பினார்கள். வண்டி மாட்டைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. தலைவர் விறுவிறு என்று மைக் செட்டுக்காரரிடம் போனார். எனக்கு நம்ப முடியவில்லை. நடந்த தோஷத்துக்குப் பரிகாரமாம், பிளேட்டைப் போடச் சொன்னார்.

போட்டார்கள். பந்தலை விட்டுப் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி எதற்கு என்று தெரியாமல் சிலர் சிரித்துவிட்டு நடந்தார்கள். ஒருத்தரும் உட்காரவில்லை. ஊரைக் காப்பாற்ற அதைப் போடச் சொன்ன தலைவர் வாசலுக்குப் போய், தேங்காய் மூடியை யார் யாருக்குக் கொடுப்பது என்று சம்பந்தியோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பெட்டியைக் காலால் எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது. மேடைப் படியில் கால் வைத்திருந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? திரும்பிப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்து, கை கூப்பி, கண்ணை மூடிக்கொண்டார். மங்களம் ஓடும்போது எழுந்து போகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. பிடில்காரரும் மிருதங்கக்காரரும் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். தட்டு முடிந்து முள் கரகரவென்று சுற்றுகிறவரைக்கும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

தலைவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்கம்மா. அடுத்த வருசமும் நீங்கதான் வரணும்," என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"வரேங்க," என்றார். குரலில் கோபமே இல்லை. "ஆனா ஒண்ணு கேக்கறேன். நான் பாடினப்ப நீங்க கை கூப்பி உட்கார்ந்திருந்தீங்க, பார்த்தேன். பிளேட்டு பாடினப்ப உங்க பேச்சுச் சத்தம் வாசல்ல கேட்டுது, நீங்க உட்காரக்கூட இல்லையே. எது மங்களம்னு உங்க மனசுக்குத் தெரிஞ்சுதானே இருக்கு?"

தலைவருக்குச் சிரிப்பு போய்விட்டது. நான் அவரை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. துண்டைத் தோளிலிருந்து எடுத்து, உதறி, மறுபடி போட்டுக்கொண்டார். அம்மா என் பக்கம் திரும்பி, இனிமேல் தேதி கொடுக்கலாம் மேனேஜரே என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். நான் தம்பூராவை உறையில் போட்டுக் கட்டினேன்.